மழைக்கு விட்ட சந்து

1960 டிசம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை. கார்த்திகையின் கடைசி ஞாயிறு. ஐந்து மணிக்கு எழுந்தேன். பல் விளக்கி, முகச்சவரம் செய்து, சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். காப்பி குடித்தேன். கொல்லையில் காற்றுக்கு ஒடிந்து தொங்கிய முருங்கைக் கிளையை வெட்டிப் போட்டேன். எட்டரைக்கு அலுவலகத்தின் பின்பக்கம் போய் மழைமானியைத் திறந்து பார்த்தேன். முந்தின நாள் மழை இல்லை. பதிவேட்டில் ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

தினமும் மழையை அளந்து மேலிடத்துக்குத் தெரிவிப்பது என் உத்தியோகத்தில் ஒரு பகுதி. கோவில்பட்டியில் இந்த வேலை பார்க்கிறவனை ஊர் சும்மா விடாது. “என்ன சார், இன்னைக்கும் ‘இல்லை’ய அளந்தாச்சா?” என்று டீக்கடையில் கேட்பார்கள். பழகிவிட்டது.

மற்ற ஞாயிறுகளில் அதன்பின் வீடு திரும்பி, செருப்புகளைத் துடைத்து, வாரத்துக்கான பேனா மையைக் கரைத்து வைப்பேன். அன்று நேராக மரக்கடைக்குப் போனேன். அன்று பகல் எங்கள் மோட்டார் படகு, ஊர்ப்பேச்சில் மோட்டார் போட்டு, கண்மாயில் இறங்கவேண்டும். அது ஒழுகினால் மறுநாள் காலை ரம்பக்காரர்கள் வந்து அதைப் பலகை பலகையாக அறுத்துவிடுவார்கள். அவர்களுக்குச் சொல்லி விட்டாயிற்று.

கடலுக்கு நாற்பது மைல் உள்ளே, குடிதண்ணீருக்கே வரிசை நிற்கிற ஊருக்கு மோட்டார் போட்டு வந்த விதத்தைச் சொல்லவேண்டும்.

மரக்கடை பாய் என் நண்பர். அவருடைய தாத்தா காலத்திலிருந்தே அந்தக் குடும்பத்துக்கு மர வியாபாரம்தான். அந்த வருஷம் தை மாதம் தூத்துக்குடியில் பழைய கப்பல் மரங்களை ஏலத்தில் எடுத்தார். அந்தக் குவியலோடு சேர்ந்து வந்தது இந்தப் போட்டு. கரையிலிருந்து தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்கு ஆட்களையும் தபால் பைகளையும் கொண்டுபோய்க் கொண்டிருந்ததாம். பதினெட்டு அடி நீளம். தேக்குப் பலகை, விளிம்பில் பித்தளைப் பட்டை, நடுவயிற்றில் துருப்பிடித்த ஒற்றை சிலிண்டர் எஞ்சின். ஓட்டப்பிடாரம் வழியாக லாரியில் வந்து இறங்கியபோது நான் கடையில் இருந்தேன்.

“இதை என்ன பாய் செய்யப் போறீங்க?” என்றேன்.

“நெலைக்கும் சன்னலுக்கும் அறுக்கணும். உப்புத் தண்ணி குடிச்ச தேக்கு அண்ணாச்சி, கறையான் கிட்ட வராது.”

“மோட்டார் இருக்கே.”

“இருக்கட்டும். இங்கன கடலா இருக்கு?”

நான் போட்டைச் சுற்றி வந்தேன். முகப்பில் இரு பக்கப் பலகைகளும் வளைந்து வந்து ஒரே கோட்டில் சேர்ந்த இடத்தைத் தடவிப் பார்த்தேன். அந்த வளைவை ரம்பத்துக்குக் கொடுக்க மனம் வரவில்லை. அதற்கு மேல் ஒரு காரணமும் சொல்லத் தெரியவில்லை. மழைக்காலம் வரை விட்டுவையுங்கள், ஓய்வு நேரத்தில் நான் சரிபண்ணிப் பார்க்கிறேன் என்று கேட்டேன்.

பாய் சிரித்த சிரிப்பில் கல்லாப்பெட்டி மேலிருந்த வெற்றிலைத் தட்டு ஆடியது. “மழையை அளக்கிற ஆளு, மழை பெய்யாத ஊர்ல போட்டு விடப் போறாராம்! சரி, விடுங்க. ஆனா ஒரு பேச்சு. கண்மாய் நெறைஞ்சதும் ஒரு நாள் நான் வெள்ளைக் கைலி கட்டிக்கிட்டு உள்ள உக்காருவேன். பலகையில இல்ல, அடித்தரையில. இந்தக் கரையிலயிருந்து மடை வரைக்கும் போயிட்டுத் திரும்பணும். மோட்டார்லதான் போகணும். கைலி நனையலன்னா போட்டு நம்ம ரெண்டு பேருக்கும் பொது. நனைஞ்சா மறுநாள் ரம்பம்.”

“சரி” என்றேன்.

எஞ்சினை நான் எடுத்துக்கொண்டேன். கழற்றிய ஒவ்வொரு திருகையும் நட்டையும் காலித் தீப்பெட்டியில் போட்டு, மேலே எண் எழுதி அடுக்கினேன். எங்கள் ஊரில் காலித் தீப்பெட்டிக்குப் பஞ்சமில்லை. தெருவில் பாதி வீடுகளில் தீப்பெட்டி ஒட்டுவதுதான் வேலை. சங்கடம் சமையலறையில் வந்தது. அடுப்புப் பற்றவைக்க மனைவி எடுத்த பெட்டியில் வாஷர் இருந்தது. அடுத்த பெட்டியில் ஸ்பிரிங். மூன்றாவதைத் திறக்காமலே என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

“இதுல குச்சி இருந்தா என் அதிர்ஷ்டம். இல்லன்னா இன்னைக்கு நட்டுக் கொழம்புதான்” என்றாள்.

மரவேலைக்கு ஓர் ஆசாரியைப் பாய் ஏற்பாடு செய்தார். வண்டி செய்கிறவர். நல்ல கைகாரர், அதை அவரே அடிக்கடி சொல்லுவார். “இதுவும் வண்டிதான் சார். சக்கரம் வைக்க மறந்துட்டாக” என்று சொல்லிக்கொண்டுதான் உளியை எடுத்தார். கெட்டுப்போன பலகைகளை மாற்றினார். செப்பு ஆணிகளை ஒன்றுவிடாமல் தட்டிச் சோதித்தார். சித்திரை வெயிலில் வேலை பாதி முடிந்தபோது, போட்டின் பலகைகளுக்கு இடையே சந்து சந்தாகத் தெரிந்தது. உள்ளே உட்கார்ந்து பார்த்தால் கோடு கோடாக வெளிச்சம்.

இதற்கு என்ன செய்யவேண்டும் என்று எங்களுக்குத் தெரியும் என்றுதான் நினைத்தோம். போட்டை லாரியில் ஏற்றிவிட்ட தூத்துக்குடிக்காரர், “சந்துல பஞ்சு வச்சு அடைக்கணும்” என்று பாயிடம் சொல்லி அனுப்பியிருந்தார். அதோடு நிறுத்திக்கொண்டார்.

“பஞ்சா? பஞ்சுக்கு நம்மகிட்டயா சொல்லுதான்?” என்றார் ஆசாரி.

நாகலாபுரத்துப் பருத்தி வந்தது. திரித்துச் சந்துகளில் வைத்து, உளியை வைத்து, கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலால் அடித்தார் ஆசாரி. எனக்கும் சந்து என்றால் ஆகாது. மேசையில் காகிதங்களின் ஓரம் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டாலே எனக்கு எழுத்து ஓடாது. அவர் அடித்து முடித்த இடத்தில் நான் ஊசியை நுழைத்துப் பார்ப்பேன். நுழைந்தால், “ஆசாரி, இங்கன” என்பேன். “வாரேன், வாரேன்” என்று வந்து மறுபடி அடிப்பார். பாய் ஒரு நாள் பார்த்துவிட்டு, “மெத்தை தைக்கிறீங்களா போட்டு செய்யுதீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார். மேலே குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசினோம். வெளிச்சக் கோடுகள் எல்லாம் போய்விட்டன. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

அதே வாரம் ஆசாரியை வீட்டுக்கும் கூட்டிப்போனேன். முன்கதவுக்கும் நிலைக்கும் நடுவே ஒரு சந்து இருந்தது. அதன் வழியாகப் பல்லி வந்தது, கரிசல் புழுதி வந்தது. ஒரு மெல்லிய ரீப்பர் கட்டையை ஓரத்தில் அடிக்கச் சொன்னேன். அடித்தார். அந்தச் சந்தும் ஒழிந்தது.

புரட்டாசிக் கடைசியில் போட்டைத் தண்ணீர் ஊற்றிச் சோதிக்க நினைத்தோம். தண்ணீருக்கு எங்கே போவது? மரக்கடை வளவில் ஒரு கிணறு உண்டு. வாயில் வைக்க முடியாத உப்புத் தண்ணீர். மாடுகூட மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

“கடல்ல கெடந்த போட்டு. உப்புத் தண்ணி அதுக்குப் பொறந்த வீடு மாதிரி” என்றார் பாய்.

குடம் குடமாக இறைத்து ஊற்றினோம். ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆசாரி போட்டைச் சுற்றி வந்து தரையைத் தடவித் தடவிக் காட்டினார். பாய்கூட, “பரவாயில்ல அண்ணாச்சி, நான் கைலியை வெளுக்கப் போடுதேன்” என்றார்.

இரண்டு நாள் கழித்து நல்ல மழை பெய்தது. எனக்கும் பதிவேட்டில் எண் எழுதும் பாக்கியம் கிடைத்தது. அன்று மாலை மரக்கடையில் நாங்கள் மூவரும் பேசிக்கொண்டிருக்கும்போது போட்டுக்குள்ளிருந்து வெடி வெடித்ததுபோல் ஒரு சத்தம். பின்னாலேயே இன்னொன்று. ஓடிப்போய்ப் பார்த்தோம். பக்கப் பலகை ஒன்று செப்பு ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வளைந்து நின்றது. உள்ளே விலாச்சட்டம் ஒன்று முறிந்திருந்தது. ஊற்றிய தண்ணீர் முழுவதும் அந்த வழியாக வளவுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

ஆசாரி முறிந்த சட்டத்தின் இரு முனைகளையும் கூட்டிப் பிடித்துப் பார்த்தார்.

“கண்மாய் வரைக்கும் போகவே வேண்டாம் போல” என்றார் பாய். குரலில் கேலி இல்லை. எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

குடையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். உள்ளே நுழைந்து முன்கதவைச் சாத்தப் பார்த்தேன். சாத்த வரவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினேன். நகரவில்லை.

“மதியத்துலயிருந்து அப்படித்தான் நிக்குது. உங்க மோட்டாரைக் கொண்டாந்து கட்டி இழுங்க” என்றாள் மனைவி.

“மழை ஈரம். மரம் ஊதியிருக்கு.”

“ஊதாதா பின்ன? வருசா வருசம் ஊதத்தான் செய்யுது. ஊதுறதுக்குன்னு கெடந்த எடத்துலதான நீங்க ரீப்பரை அடிச்சீங்க? சித்திரையில பல்லி போவுது பல்லி போவுதுன்னு. இப்ப பல்லி வரல. கதவும் வரல.”

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் கதவில் கை வைத்தபடியே நின்றேன். பிறகு குடையை மறுபடி விரித்தேன்.

“சாப்பிட்டுட்டுப் போங்க!” என்று உள்ளிருந்து குரல் வந்தது. “கதவைச் சாத்திட்டாவது போங்க!” என்று அடுத்த குரலும் வந்தது. அந்தக் கதவைச் சாத்த அப்போது யாராலும் முடியாது என்பது அவளுக்கும் தெரியும்.

மரக்கடையில் ஆசாரி முறிந்த சட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கதவுச் சங்கதியைச் சொன்னேன். சொல்லி முடிக்கும் முன்பே அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

“வண்டிச் சக்கரம் கோடையில கலகலத்துப் போனா தண்ணியில ஊறப் போட்டுத்தான சார் இறுக்குதோம்! மரம் தானா வந்து கூடிக்கிடும். அதுக்கு எடத்த விடாம நான் பாட்டுக்குப் பஞ்சைக் கொண்டு இடிச்சு... அந்தத் தூத்துக்குடிக்காரன் எவ்வளவு பஞ்சுன்னு சொன்னானா? சொல்லல பாருங்க!”

“அவன் சொல்லியிருந்தாலும் நீ கேட்டிருப்பியாக்கும்” என்றார் பாய்.

பஞ்சைப் பிடுங்க ஒரு மாதம் பிடித்தது. அடிக்கும்போது இருந்ததைவிடப் பிடுங்கும்போது ஆசாரியின் வாய்க்கு அதிக வேலை. புது விலாச்சட்டம் வைத்து, வளைந்த பலகையை இழுத்துச் சேர்த்தோம். சந்துகளில் ஒற்றைத் திரிப் பஞ்சை வைத்து விரலால் அழுத்துவதோடு நிறுத்தினோம். ஆசாரிக்கு அது தாங்க முடியாத வேலை. ஒவ்வொரு சந்தையும் முடித்துவிட்டு, பிள்ளையை விடுதியில் விட்டுவிட்டு வருகிறவர்போல் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கொட்டாப்புளியை நான் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டேன்.

மறுபடி உப்புத் தண்ணீர். இந்த முறை எல்லாப் பக்கமும் ஒழுகியது. சல்லடையில் ஊற்றியதுபோல் ஒழுகியது. நல்ல தண்ணீர்க் குழாய்க்குக் குடத்தோடு போகும் பெண்கள் வளவு வாசலில் நின்று பார்த்தார்கள்.

“ஆளுக்கு ரெண்டு கொடத்துக்கு நாங்க லோல்படுதோம். இந்த மரக்கட்டை தெனம் குளிக்கு!”

“தலைக்கு எண்ணெ தேச்சாச்சா பாய்?”

பாய் வாசலுக்கே போய்ப் பதில் சொன்னார். “உப்புத் தண்ணிதாம்மா. வேணும்னா ஒரு கொடம் குடிச்சுப் பாருங்க.”

காலையில் அலுவலகம் போகும் முன்பும் மாலையில் திரும்பிய பின்பும் ஊற்றிக்கொண்டே இருந்தோம். ஒழுக்கு கயிறாக இருந்தது, நூலாயிற்று, பிறகு சொட்டாயிற்று. ஒரு காலை போட்டுக்குக் கீழே தரை காய்ந்து கிடந்தது. ஆசாரி குனிந்து, காதைப் பலகையில் வைத்துக் கேட்டார். சத்தம் எதுவும் இல்லை. தண்ணீரை இறைத்துவிட்டு உட்பக்கம் பச்சைப் பெயின்ட் பூசினோம். கார்த்திகை மழையில் கண்மாயும் நிறைந்துவிட்டது. பாய் ரம்பக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பினார். பேச்சு பேச்சுதான்.

அந்த ஞாயிறு இரண்டு மாட்டு வண்டிகளைச் சேர்த்துக் கட்டி, போட்டை ஏற்றி, கப்பி ரோடு வழியாகவே கொண்டுபோனோம். ரோட்டை விட்டு இறங்கினால் கரிசல் சகதி சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். போட்டும் வண்டியும் அங்கேயே பயிராகிவிடும். பதினொரு மணிக்குக் கண்மாய்க் கரை. ஊரே கரையில் நின்றது. ஆசாரி முகப்பில் சந்தனம் வைத்துச் சூடம் கொளுத்தினார். பாய் “பிஸ்மில்லா” சொல்லி வலது காலை எடுத்து வைத்தார். வெள்ளைக் கைலி நீலம் போட்டுப் பளபளவென்றிருந்தது. மிதிபலகைகளை எல்லாம் எடுத்துவிடச் சொல்லி, அடித்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

மூன்று பேருக்கும் நீச்சல் தெரியாது என்பது அப்போதுதான் பேச்சில் வந்தது.

“ஆழம் எவ்வளவு இருக்கும்?” என்றார் பாய்.

“மார்பளவுதான் மொதலாளி” என்றார் ஆசாரி.

“யார் மார்பு?”

எஞ்சின் முதல் மூன்று சுற்றுக்கும் இருமியது. நாலாவதில் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்துக்குக் கண்மாயில் இருந்த நாரைகள் எல்லாம் ஒன்றாக எழும்பின. கரையில் பையன்கள் கூச்சல் போட்டுக்கொண்டு கூடவே ஓடினார்கள். “ஏலே, தண்ணிக்குள்ள எறங்காதீங்கலே!” என்று பாய் உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினார். நான் சுக்கானைப் பிடித்துக்கொண்டிருந்தேன். முகப்பின் இரண்டு பக்கமும் பழுப்புத் தண்ணீர் விலகியது. அந்த வளைவு எதற்காக அப்படி வளைந்திருந்தது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்த்துக்கொண்டே இருந்ததில் தண்ணீருக்குள் நின்ற கருவேல மரத்தைக் கவனிக்கவில்லை. தண்ணீருக்கடியில் சுழலும் விசிறியில் முள் சிக்கி எஞ்சின் நின்றது.

ஆசாரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். மார்பளவுதான், அவருடைய மார்பளவு. முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கேட்டார்: “மொதலாளி, இது ஆட்டத்துல சேத்தியா?”

“மோட்டார்ல போகணும்னுதான் சொன்னேன். மோட்டாருக்கு முள்ளு எடுக்கக்கூடாதுன்னு சொல்லல. ஏறு.”

மடையைத் தொட்டுத் திரும்பினோம். பாய் கையைத் தரையில் தடவிப் பார்த்தார். “காஞ்சுதான் கெடக்கு அண்ணாச்சி” என்றார். பாதித் தூரம் வந்திருப்போம். மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. நான் மழையை அளக்கிறவன். வரும் மழையைச் சொல்லத் தெரிந்தவன் இல்லை. சடசடவென்று இறங்கிவிட்டது. குடை கரையில் இருந்தது. கரை சேர்வதற்குள் மூவரும் தொப்பலாக நனைந்துவிட்டோம். பாயின் வெள்ளைக் கைலி தொடையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவரைச் சுற்றித் தரையில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது.

எஞ்சினை நிறுத்தினேன். மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

“கைலி நனைஞ்சிருச்சே” என்றார் பாய்.

“மழை பாய்” என்றேன்.

“மழை உங்க கணக்கு. கைலி நனைஞ்சா ரம்பம்னுதான் பேச்சு. கீழயிருந்து வந்ததா, மேலயிருந்து வந்ததான்னு நான் எப்படிக் கண்டேன்?”

ஆசாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். பாய் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். வெளியே கையை விட்டுக் கண்மாய்த் தண்ணீரை ஒரு உள்ளங்கையில் அள்ளினார். தன் பக்கத்தில் தேங்கியதை இன்னொரு உள்ளங்கையில் அள்ளினார். இரண்டையும் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். ஒன்று கரிசல் கரைந்து காப்பி டிகாஷன்போல் இருந்தது. மற்றதில் அவருடைய கைரேகை தெரிந்தது.

பிறகு கைலியின் ஓரத்தைப் பிழிந்தார். நிறமில்லாத தண்ணீர் சொட்டியது.

“கரிசத் தண்ணி ஒரு சொட்டுப் பட்டிருந்தாலும் வெள்ளை போச்சு. நீலம் போட்டாலும் திரும்பாது. வீட்டுல அவிய என்னைய உண்டு இல்லைன்னு ஆக்கிருவாக.” கைலியை உதறினார். “இது வானத்துத் தண்ணி. போட்டு நம்மளுக்குத்தான் அண்ணாச்சி.”

ஆசாரி கரையில் நின்றவர்களைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கினார். பாய் கரையேற எழுந்து திரும்பியதும் கரையில் பெரிய சிரிப்பு எழுந்தது. அந்த ஈரக் காற்றில் உட்பக்கத்துப் பெயின்ட் சரியாகக் காயவில்லை போலும். கைலியின் பின்பக்கம் பெரிய தாம்பாளம் அளவுக்குப் பச்சை வட்டம்.

“பெயின்ட் ஆட்டத்துல சேத்தியில்ல” என்றார் ஆசாரி அவசரமாக.

“வீட்டுல போய் அதச் சொல்லு நீ” என்றார் பாய்.

போட்டைக் கரைப் புளியமரத்தில் இரண்டு கயிறு போட்டுக் கட்டிவிட்டு, மாலை நான்கு மணிக்குத் திரும்பினோம். ரம்பக்காரர்கள் காலையில் வருவார்களே என்று நினைவுபடுத்தினேன். “வரட்டும். கோடையில போட்டைத் தூக்கி வைக்க நாலு கால் சட்டம் அறுக்கச் சொல்லுதேன்” என்றார் பாய்.

வீட்டில் முன்கதவு இரண்டு மாதமாக இருந்தபடியே அரைத் திறப்பில், கொடிக்கயிற்றால் சன்னல் கம்பியோடு கட்டப்பட்டு நின்றது. ரீப்பரை எடுத்துவிடலாம் என்று ஆசாரி பலமுறை சொல்லியும், சித்திரையில் மறுபடி சந்து விழுமே என்று நான்தான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். மனைவி நடந்ததையெல்லாம் கேட்டாள். பச்சை வட்டத்தைச் சொன்னபோது கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கடைசியில், “போட்டு கரை சேந்தாச்சு. கதவு?” என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் திங்கட்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். பல் விளக்குவதற்கும் முன்னால், ஆணி பிடுங்கும் சுத்தியலை எடுத்து, முன்கதவு ஓரத்தில் இருந்த ரீப்பரைக் கழற்றினேன்.